கோவையிலிருந்து ஹாம்பர்க்குக்கு ஓர் ஏஐ மென்பொருள்: ஐரோப்பியச் சட்டத்துக்கு முழுமையான வழிகாட்டி

வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, மேலிருந்து கீழாக அடுக்கித் தரும் மென்பொருள் ஒன்று உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோவையில் 40 பேர் வேலை பார்க்கும் நிறுவனம். ஹாம்பர்க்கில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம் வாங்கத் தயாராக இருக்கிறது. விலை படிந்துவிட்டது. கையெழுத்துப் போடும் வாரத்தில் அவர்களுடைய கொள்முதல் பிரிவிலிருந்து ஒரு கேள்விப் பட்டியல் வருகிறது. ஐரோப்பிய ஒன்றிய ஏஐ சட்டப்படி இது எந்த வகை? தொழில்நுட்ப ஆவணம் எங்கே? ஒன்றியத்துக்குள் உங்கள் பிரதிநிதி யார்?

அந்தப் பட்டியலுக்குப் பதில் சொல்ல என்னென்ன வேலை, எந்த வரிசையில் செய்வது, எங்கே சறுக்கும் என்பதை இங்கே பார்க்கலாம். சட்டத்தின் எண் 2024/1689. 113 பிரிவுகள், 13 இணைப்புகள். 2024 ஆகஸ்ட் 1-இல் அமலுக்கு வந்தது. முழுவதையும் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த மாதிரி மென்பொருளுக்கு 2, 3, 5, 6 ஆகிய பிரிவுகள், 9 முதல் 17 வரை, பிறகு 22, 25, 26, 43, 47 முதல் 50 வரை, 53, 72, 73, 113, கூடவே 3, 4-ஆம் இணைப்புகள் போதும். ஒரு நாள் உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.

படி 1: பயன்பாட்டு நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

எல்லாரும் தாண்டிப் போகிற படி இதுதான். இங்கே தவறினால் பின்னால் வருகிற அத்தனையும் தவறும்.

இந்தச் சட்டம் பெரும்பாலும் மாடலின் அளவையோ நுட்பத்தையோ பார்ப்பதில்லை. அதை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்றுதான் கேட்கிறது. ஒரே மாடல் பாட்டைப் பரிந்துரைத்தால் யாரும் சீண்டமாட்டார்கள், வேலைக்கு ஆளைப் பரிந்துரைத்தால் அதிக ஆபத்துப் பட்டியலில் விழும். "சின்ன மாடல்தானே சார்" என்ற வாதம் இங்கே எடுபடாது.

வாக்கியத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: யார் பயன்படுத்துகிறார்கள், யாரைப் பற்றி, எந்த முடிவுக்காக, எதற்குப் பயன்படுத்தக் கூடாது. உதாரணத்துக்கு: "கிடங்கு, ஓட்டுநர், அலுவலகப் பணிகளுக்கு விண்ணப்பித்தவர்களை நேர்காணலுக்கு அழைப்பதில் முன்னுரிமை தர, பயிற்சி பெற்ற ஹெச்ஆர் ஊழியர் பயன்படுத்துவது, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களை மதிப்பிடவோ பணிநீக்கத்துக்கோ பயன்படுத்தக் கூடாது."

இந்த வாக்கியமும் உங்கள் விளம்பரமும் ஒத்துப்போக வேண்டும். நோக்கம் எது என்று தீர்மானிக்கும்போது பயன்பாட்டுக் குறிப்பு, விற்பனைப் பேச்சு, விளம்பரம், தொழில்நுட்ப ஆவணம் எல்லாமே கணக்கில் வரும் என்று 3-ஆம் பிரிவு சொல்கிறது. ஆவணத்தில் "உதவிக் கருவி" என்று எழுதிவிட்டு இணையதளத்தில் "இனி ஹெச்ஆரே தேவையில்லை" என்று போட்டால், அந்த வரியும் நோக்கத்துக்குச் சாட்சியாகும். மார்க்கெட்டிங் ஆளையும் இந்த முதல் கூட்டத்துக்கு அழைத்துவிடுங்கள்.

படி 2: சட்டம் உங்களைத் தொடுகிறதா?

அலுவலகம் கோவையில், சர்வர் மும்பையில், பிறகு எப்படி ஐரோப்பியச் சட்டம் என்று கேட்பவர்கள் 2-ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். ஒன்றியச் சந்தையில் ஏஐ அமைப்பை விற்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் சட்டம் பொருந்தும். அதைவிட அகலமான இன்னொரு வாசலும் உண்டு: அமைப்பு தரும் வெளியீடு ஒன்றியத்துக்குள் பயன்பட்டாலே போதும். பாரிஸ் வாடிக்கையாளருக்காகச் சென்னையில் ஒரு பிபிஓ தன் சொந்த ஏஐ கருவியால் விண்ணப்பங்களை வடிகட்டி, தேர்வான பட்டியலை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புகிறது என்றால் அதுவும் வலைக்குள் வரும். மென்பொருள் கடல் தாண்டவே இல்லை, பட்டியல் தாண்டிவிட்டது.

ராணுவப் பயன்பாடு, அறிவியல் ஆராய்ச்சிக்காக மட்டும் உருவாக்கியவை, தனிநபர் சொந்த உபயோகம் ஆகியவை வெளியே. மனிதர் கையால் எழுதிய விதியை அப்படியே செயல்படுத்தும் நிரலும் ஏஐ என்ற வரையறைக்குள் வராது. "சரக்கு வாகன உரிமம் இருக்கிறதா, இல்லையா" என்று மட்டும் பார்த்துப் பிரிக்கும் நான்கு வரி நிரலுக்கு இந்தச் சட்டம் இல்லை. உங்கள் தயாரிப்பில் அப்படிப்பட்ட பாகங்கள் இருந்தால் தனியே பிரித்து எழுதுங்கள், வேலை குறையும்.

படி 3: சங்கிலியில் உங்கள் இடம்

சட்டம் பலருக்குப் பெயர் வைத்திருக்கிறது. நமக்கு இரண்டு முக்கியம். அமைப்பை உருவாக்கித் தன் பெயரில் சந்தைக்குக் கொண்டுவருபவர் வழங்குநர். அதைத் தன் தொழிலில் பயன்படுத்துபவர் பயன்படுத்துநர். நம் கதையில் கோவை நிறுவனம் வழங்குநர், ஹாம்பர்க் நிறுவனம் பயன்படுத்துநர். சுமையில் பெரும்பகுதி வழங்குநர் தலையில்.

"நாங்கள் வேறொரு பெரிய நிறுவனத்தின் மொழி மாடலை ஏபிஐ (ஒரு நிரல் இன்னொன்றோடு பேசும் இணைப்பு) வழியாகக் கூப்பிடுகிறோம், பொறுப்பு அவர்களுடையது" என்று அடிக்கடி கேட்கலாம். தவறு. பல வேலைகளுக்கும் பயன்படும் பொதுப்பயன் மாடல் தயாரித்தவருக்கு 53-ஆம் பிரிவில் தனிக் கடமைகள் இருக்கின்றன: தொழில்நுட்ப ஆவணம், பதிப்புரிமைக் கொள்கை, பயிற்சித் தரவின் சுருக்கம், உங்களைப் போல அதன்மேல் கட்டுபவர்களுக்கான தகவல். ஆனால் அதை விண்ணப்ப வடிகட்டியாக மாற்றியது நீங்கள். அந்த அமைப்புக்கு வழங்குநர் நீங்களே. மாடல் நிறுவனத்திடமிருந்து அந்தத் தகவல் தொகுப்பைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். இல்லாவிட்டால் படி 6-இல் பாதிப் பக்கம் காலியாக நிற்கும். அவர்களுடைய பயன்பாட்டு விதிகள் வேலைவாய்ப்புத் தேர்வை அனுமதிக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

25-ஆம் பிரிவையும் ஒப்பந்தத்துக்கு முன் படியுங்கள். ஹாம்பர்க் நிறுவனம் உங்கள் மென்பொருளில் தன் பெயரைப் பொறித்தாலோ, அதைக் கணிசமாக மாற்றினாலோ, அவர்களே வழங்குநர் ஆகிவிடுவார்கள். வெள்ளை லேபிள் ஒப்பந்தம் போடுபவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. தெரிந்தபின் விலை மாறும்.

படி 4: தடை, அதிக ஆபத்து, வெறும் அறிவிப்பு

முதலில் 5-ஆம் பிரிவு. இது முழுத் தடைப் பட்டியல், 2025 பிப்ரவரி 2 முதலே அமலில் இருக்கிறது. மக்களுக்குச் சமூக மதிப்பெண் போடுவது, இணையத்திலும் சிசிடிவியிலும் கண்டபடி முகங்களை அள்ளித் தரவுத்தளம் கட்டுவது போன்றவை இதில் உண்டு. நம் மென்பொருளுக்கு நெருக்கமான ஒன்று பணியிடத்தில் உணர்ச்சியைக் கணிப்பது. வீடியோ நேர்காணலில் முகத்தையும் குரலையும் வைத்து "தன்னம்பிக்கை 72" என்று மதிப்பெண் தரும் வசதி உங்கள் தயாரிப்பில் இருந்தால், மருத்துவம் அல்லது பாதுகாப்புக் காரணம் இல்லாதவரை, அதை ஐரோப்பியப் பதிப்பிலிருந்து கழற்றிவிடுங்கள். பட்டனை மறைத்தால் போதாது. கணக்கிடும் பாகமே அங்கே ஓடக் கூடாது. லாக்கில், அதாவது மென்பொருள் தானாக எழுதும் பதிவேட்டில், அந்த எண் பதிவாகியிருந்தால் மறைத்த பட்டன் காப்பாற்றாது.

அடுத்தது 3-ஆம் இணைப்பு. உயிரளவை (முகம், கைரேகை போன்றவற்றால் ஆளை அடையாளம் காண்பது), முக்கிய உள்கட்டமைப்பு, கல்வி, வேலைவாய்ப்பு, கடன் தகுதி போன்ற அத்தியாவசியச் சேவைகள், காவல்துறை, குடிவரவு, நீதியும் தேர்தலும் என எட்டுத் துறைகள். வேலைவாய்ப்பு நான்காவது. விண்ணப்பங்களை வடிகட்டுவது அங்கே பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. தப்ப வழி உண்டா? 6-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவில் விலக்குகள் இருக்கின்றன: குறுகிய நடைமுறை வேலை, மனிதர் முடித்த வேலையை மெருகேற்றுவது, முடிவெடுக்கும் போக்கில் விலகலைக் கண்டறிவது, ஆயத்த வேலை. வக்கீல்கள் கடைசியைப் பிடித்துத் தொங்குவார்கள். ஆனால் அதே உட்பிரிவின் இறுதியில் ஒரு வரி: தனிநபரைப் பற்றிய விவரக்கணிப்பு நடந்தால் விலக்கு கிடையாது. ஒருவருடைய தரவை வைத்து வேலைத்திறனைத் தானியங்கியாக மதிப்பிடுவது விவரக்கணிப்பு. மதிப்பெண் போட்டு அடுக்கும் மென்பொருள் அதைத்தான் செய்கிறது. பிடிஎஃப் கோப்பிலிருந்து பெயர், முகவரியை எடுத்துப் படிவத்தில் நிரப்புகிற பாகத்துக்கு வேண்டுமானால் விலக்கு கேட்கலாம். அதற்கும் எழுத்துபூர்வக் காரணம் கோப்பில் இருக்க வேண்டும்.

விண்ணப்பதாரரோடு பேசும் சாட்பாட் இருந்தால் 50-ஆம் பிரிவும் சேரும்: பேசுவது இயந்திரம் என்று முதல் உரையாடலிலேயே தெரியப்படுத்த வேண்டும். இது சின்ன வேலை, ஒரு வரி.

படி 5: தேதிகளைச் சரிபாருங்கள்

மூலச் சட்டப்படி 3-ஆம் இணைப்பில் உள்ளவற்றுக்கான கடமைகள் தொடங்கும் நாள் 2026 ஆகஸ்ட் 2. ஆனால் 2025 நவம்பர் 19-இல் ஐரோப்பிய ஆணையம் இந்தத் தேதியைத் தள்ளிவைக்கும் திருத்தத்தை முன்வைத்தது. அதன்படி கடைசி எல்லை 2027 டிசம்பர் 2. வாடிக்கையாளருக்குத் தேதி எழுதிக் கொடுக்கும் அன்று, ஒன்றியத்தின் அதிகாரபூர்வச் சட்டத் தளமான யூர்லெக்ஸில் திருத்தங்கள் சேர்ந்த பதிப்பைத் திறந்து 113-ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு முந்தைய பிரசன்டேஷன் ஸ்லைடை நம்பி ஒப்பந்தத்தில் தேதி போடாதீர்கள்.

தள்ளிப்போனாலும் வேலையைத் தள்ளிப்போட முடியாது. கொள்முதல் பிரிவுகள் சட்டத் தேதிக்காகக் காத்திருப்பதில்லை. மூன்றாண்டு ஒப்பந்தம் போடுகிறவர் மூன்றாம் ஆண்டையும் யோசித்துத்தான் கேட்கிறார்.

படி 6: கோப்பைக் கட்டுதல்

நேரத்தில் முக்கால்வாசி இங்கே போகும். 9 முதல் 15 வரையான பிரிவுகள் ஏழு விஷயம் கேட்கின்றன: இடர் மேலாண்மை, தரவு, தொழில்நுட்ப ஆவணம், தானியங்கிப் பதிவு, பயன்பாட்டுக் குறிப்பு, மனிதக் கண்காணிப்பு, துல்லியமும் பாதுகாப்பும். எல்லாவற்றையும் சமமாக விவரிக்கத் தேவையில்லை. மூன்றில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

முதலாவது தரவு. 10-ஆம் பிரிவு, அமைப்பு பயன்படப்போகும் இடத்துக்கும் மக்களுக்கும் தரவு பொருந்த வேண்டும் என்கிறது. இந்தியப் பயோடேட்டாக்களில் பழக்கிய மாடலை ஜெர்மனிக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்று கிட்டப்போய்ப் பாருங்கள். நம் ஊர்ப் பயோடேட்டாவில் பட்டப்படிப்பு முதல் வரியில் நிற்கும். ஜெர்மனியில் கிடங்கு, போக்குவரத்து வேலைக்கு வருபவர் பலர் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்தவர்கள். வாரத்தில் சில நாள் பள்ளி, சில நாள் நிறுவனம் என்று படித்து, தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கியவர்கள். பட்டத்தைத் தேடும் மாடல் இவர்களைக் கீழே தள்ளும். அடுத்து இடைவெளி. பயோடேட்டாவில் இரண்டு வருடம் காலியாக இருந்தால் மாடல் மதிப்பெண்ணைக் குறைக்கக் கற்றிருக்கும். அங்கே ஒரு குழந்தைக்கு மூன்று வருடம் வரை பெற்றோர் விடுப்பு எடுக்கலாம். நீண்ட விடுப்பை எடுப்பவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். ஆண், பெண் என்ற கட்டத்தைத் தரவிலிருந்து நீக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள். இடைவெளி என்கிற கட்டம் அதே வேலையைப் பின்வாசல் வழியாகச் செய்துகொண்டிருக்கும். அமேசான் நிறுவனம் உள்ளுக்குள் உருவாக்கிய இப்படியொரு கருவி, பெண்கள் தொடர்பான சொல் வந்த விண்ணப்பங்களைக் கீழிறக்கியதால் கைவிடப்பட்டது என்று 2018-இல் செய்தி வெளியானது. பெரும்பாலும் ஆண்கள் அனுப்பிய பத்து வருட விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய மாடல் அது.

சோதனை எப்படிச் செய்வது? எளிய கணக்கு. 400 ஆண்கள் விண்ணப்பித்து 120 பேர் கட்-ஆஃபைத் தாண்டினால் 30 சதவீதம். 250 பெண்கள் விண்ணப்பித்து 50 பேர் தாண்டினால் 20 சதவீதம். இருபதை முப்பதால் வகுத்தால் 0.67. அமெரிக்காவில் 1978-இலிருந்து புழங்கும் ஐந்தில் நான்கு என்ற கட்டைவிரல் விதிப்படி 0.8-க்குக் கீழே போனால் எச்சரிக்கை மணி. ஐரோப்பியச் சட்டத்தில் இப்படி ஓர் எண் எழுதப்படவில்லை. ஆகவே நீங்களே ஓர் எல்லையை வைத்து, ஏன் அந்த எல்லை என்று காரணம் எழுதி, அதைத் தாண்டினால் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுத வேண்டும். பாலினம், வயது, பெயரிலிருந்து ஊகிக்கப்படும் பூர்வீகம் ஆகிய மூன்றிலாவது இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரே பயோடேட்டாவில் பெயரை மட்டும் ஜெர்மானியப் பெயரிலிருந்து துருக்கியப் பெயராக மாற்றி இரண்டு முறை ஓட்டுங்கள். மதிப்பெண் அசைந்தால் மாடலில் கோளாறு இருக்கிறது, விற்பனையை நிறுத்துங்கள்.

இரண்டாவது லாக். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் குறைந்தது இவை பதிவாக வேண்டும்: நாள், நேரம், மாடலின் பதிப்பு எண், உள்ளீட்டுக் கோப்பின் அடையாளம், வந்த மதிப்பெண், அப்போதைய கட்-ஆஃப், அதைப் பார்த்த ஊழியரின் அடையாள எண், அவர் ஏற்றாரா மாற்றினாரா, மாற்றினால் காரணம். பதிப்பு எண்ணை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். மூன்று மாதம் கழித்து ஒருவர் "என்னை ஏன் நிராகரித்தீர்கள்" என்று கேட்கும்போது, அன்றைக்கு எந்த மாடல் ஓடியது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

சட்டம் கேட்பது குறைந்தது 6 மாதச் சேமிப்பு. ஜெர்மனியில் பாகுபாடு நடந்ததாகக் கருதும் விண்ணப்பதாரர் 2 மாதத்துக்குள் எழுத்தில் கோர வேண்டும். கோரியபின் வழக்குப் போட 3 மாதம். சம்மன் வந்து சேரும் நேரத்தையும் கூட்டினால் 6 மாதம் இறுக்கமான கணக்கு. இன்னொரு பக்கம் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையான ஜிடிபிஆர், தேவையில்லாமல் வைத்திருக்காதே என்கிறது. பெயர், படம், முகவரியைச் சீக்கிரம் அழித்து, அடையாள எண்ணோடு மட்டும் லாக்கைக் கொஞ்சம் நீட்டி வைப்பது நடைமுறையில் சமாளிக்கக்கூடிய வழி. எத்தனை நாள் என்பதை வாடிக்கையாளரோடு பேசி எழுதிவிடுங்கள்.

மூன்றாவது மனிதக் கண்காணிப்பு. "கடைசி முடிவு மனிதர் கையில்" என்று ஒரு வரி எழுதினால் 14-ஆம் பிரிவு நிறைவேறிவிடாது. இயந்திரம் சொன்னதை அப்படியே நம்பும் பழக்கம் மனிதருக்கு உண்டு என்று அந்தப் பிரிவே எச்சரிக்கிறது. திரையை அதற்கேற்ப அமையுங்கள். பச்சை, சிவப்பு வண்ணம் வேண்டாம். ஊழியர் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தபிறகே மதிப்பெண் தெரியட்டும். கட்-ஆஃபுக்குக் கீழே உள்ளவர்களிலிருந்து சிலரைக் கண்ணைமூடி எடுத்து வாரந்தோறும் மேலே கலந்துவிடுங்கள். 500 விண்ணப்பத்தில் ஒன்றைக்கூட ஊழியர் மாற்றவில்லை என்று லாக் காட்டினால், அங்கே கண்காணிப்பு காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

இதற்கு ஜிடிபிஆர் பக்கமும் ஓர் இடி உண்டு. 2023 டிசம்பர் 7-இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஷூஃபா என்ற ஜெர்மன் கடன் மதிப்பீட்டு நிறுவனம் தொடர்பான வழக்கில், மதிப்பெண்ணைப் பெறுபவர் அதையே பெரிதும் சார்ந்து முடிவெடுத்தால், மதிப்பெண் போடுவதே தானியங்கி முடிவு ஆகிவிடும் என்று தீர்ப்புச் சொன்னது. "நாங்கள் எண்ணை மட்டும்தான் கொடுக்கிறோம்" என்ற வாதம் அன்றோடு பலம் இழந்தது. தரவு இந்தியாவுக்கு வருகிறதா என்பதும் இதே கோப்பில் சேரும்: இந்தியாவுக்கு ஒன்றியத்தின் போதுமைத் தீர்மானம் (அந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு போதும் என்ற ஏற்பு) இல்லை, எனவே 2021 ஜூனில் ஆணையம் வெளியிட்ட நிலையான ஒப்பந்தக் கூறுகள் போன்ற பாதுகாப்போடுதான் வர வேண்டும். பெங்களூரிலிருந்து ஒரு பொறியாளர் திரையில் எட்டிப்பார்ப்பதும் தரவு இடம்மாறுவதுதான்.

மிச்ச நான்கும் இவற்றை எழுத்தில் அடுக்குவதே. 4-ஆம் இணைப்பின் தலைப்புகளை அப்படியே ஒரு கோப்பில் ஒட்டி, கீழே நிரப்பிக்கொண்டே போங்கள். சோதனை அறிக்கைகளில் தேதியும் பொறுப்பாளர் கையெழுத்தும் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கடைசி வாரத்தில் உட்கார்ந்து பழைய தேதி போட்டு எழுதினால், பதிப்பு வரலாறு காட்டிக்கொடுத்துவிடும். சிறு நிறுவனங்களுக்கு எளிமையான படிவம் தர ஆணையத்துக்குச் சட்டம் சொல்லியிருக்கிறது. 50 பேருக்குக் குறைவான, ஆண்டு விற்றுமுதல் 1 கோடி யூரோவைத் தாண்டாத நிறுவனம் ஒன்றிய வரையறையில் சிறு நிறுவனம்.

ஏஐ மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 42001 சான்றிதழ் வாங்கிவிட்டோம், போதாதா என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். நல்ல ஒழுங்கைக் கொண்டுவரும் சான்றிதழ்தான். ஆனால் இந்தச் சட்டத்துக்கான ஒத்திசைந்த தரநிலை அது கிடையாது. அதைக் காட்டினால் சட்டத்துக்கு இணங்கியதாகக் கொள்ளமாட்டார்கள்.

படி 7: கையெழுத்து, முத்திரை, பதிவு

வேலைவாய்ப்பு வகைக்கு வெளியாளைக் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 43-ஆம் பிரிவுப்படி நீங்களே உள்மதிப்பீடு செய்யலாம். உயிரளவை அமைப்புகளுக்கு மட்டும் நிலைமை வேறு, அங்கே வெளி அமைப்பு வர நேரிடும். வரிசை இப்படி:

1. ஒன்றியத்துக்குள் ஒரு அதிகாரம் பெற்ற பிரதிநிதியை எழுத்துபூர்வமாக நியமியுங்கள். ஆவணங்களை 10 வருடம் வைத்திருப்பதும், கேட்கும்போது அதிகாரிகளிடம் கொடுப்பதும் அவர் வேலை. நீங்கள் சட்டத்தை மீறுவதாகத் தோன்றினால் அவர் விலகிக்கொண்டு அதிகாரிகளுக்கும் சொல்ல வேண்டும். வெறும் அஞ்சல் பெட்டி என்று நினைத்து மலிவாகப் பிடிக்காதீர்கள்.
2. தர மேலாண்மை முறையை எழுதுங்கள். 17-ஆம் பிரிவு நிறுவனத்தின் அளவுக்கு ஏற்ப இருந்தால் போதும் என்கிறது.
3. உள்மதிப்பீட்டை முடித்து, இணக்கப் பிரகடனத்தில் கையெழுத்திடுங்கள்.
4. சிஇ முத்திரை, அதாவது ஒன்றிய விதிகளுக்கு இணங்கியது என்ற அடையாளம். மென்பொருளுக்கு ஸ்டிக்கர் ஒட்ட இடமில்லை. திரையிலேயே எளிதில் பார்க்கும்படி டிஜிட்டலாகக் காட்டலாம்.
5. ஒன்றியத் தரவுத்தளத்தில் உங்களையும் அமைப்பையும் பதிவுசெய்யுங்கள். இது விற்பனைக்கு முன்பு.

வரிசையைத் தலைகீழாக்கி முதலில் முத்திரை குத்திவிட்டுப் பிறகு ஆவணம் எழுதுவது சட்டமீறல்.

படி 8: வாடிக்கையாளர் செய்ய வேண்டியதையும் நீங்களே எடுத்துக் கொடுங்கள்

26-ஆம் பிரிவுப்படி பணியிடத்தில் அதிக ஆபத்து அமைப்பைக் கொண்டுவரும் முதலாளி, ஊழியர் பிரதிநிதிகளுக்கும் சம்பந்தப்பட்ட ஊழியர்களுக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முடிவுக்கு உள்ளாகும் விண்ணப்பதாரருக்கும் ஏஐ பயன்படுவது தெரிய வேண்டும். ஜெர்மனியில் இதற்கும் மேலே பெட்ரீப்ஸ்ராட் என்கிற ஊழியர் குழு இருக்கிறது. ஆளெடுக்கும் அளவுகோல்களில் அதற்கு ஒப்புதல் உரிமை. ஏஐ கொண்டு அளவுகோல் வகுத்தாலும் அந்த உரிமை பொருந்தும் என்று 2021-இல் சட்டத்தையே திருத்தினார்கள். ஏஐ பற்றிப் பரிசீலிக்கும்போது முதலாளி செலவில் நிபுணரையும் குழு கூப்பிடலாம். விற்பனை பல இடங்களில் சிக்கி நிற்பது கொள்முதல் பிரிவிலோ வக்கீலிடமோ இல்லை, இந்த மேசையில்தான். பாகுபாட்டுச் சோதனை முடிவு, லாக்கில் என்ன பதிவாகிறது, ஊழியரின் வேகத்தை யாராவது அளக்க முடியுமா என்ற மூன்றுக்கும் நேர்மையான இரண்டு பக்கப் பதிலை ஜெர்மன் மொழியில் முன்பே தயாரித்து வையுங்கள். ஊழியர் எத்தனை நிமிடத்தில் எத்தனை விண்ணப்பம் பார்த்தார் என்ற அறிக்கை உங்கள் மென்பொருளில் இருந்தால், அதை அணைத்து வைத்துக்கொண்டு பேசப் போவது நல்லது.

அபராதம்

தடைப் பட்டியலை மீறினால் 3.5 கோடி யூரோ அல்லது உலக விற்றுமுதலில் 7 சதவீதம். அதிக ஆபத்துக் கடமைகளில் தவறினால் 1.5 கோடி யூரோ அல்லது 3 சதவீதம். அதிகாரிகளுக்குத் தவறான தகவல் கொடுத்தால் 75 லட்சம் யூரோ அல்லது 1 சதவீதம். இவை உச்ச வரம்புகள். பெரிய நிறுவனங்களுக்கு இரண்டில் எது அதிகமோ அது, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு எது குறைவோ அது. வருடம் 20 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ள கோவை நிறுவனத்துக்கு 3 சதவீதம் என்றால் 60 லட்சம். வலிக்கும், ஆனால் மூடவைக்காது. சந்தையிலிருந்து மென்பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும் உத்தரவுதான் மூடவைக்கும்.

மற்ற நாடுகள், சுருக்கமாக

இதே மென்பொருளை நியூயார்க் நகரத்தில் விற்றால், 2023 ஜூலை 5 முதல் அமலாக்கப்படும் நகரச் சட்டம் 144 வரும். அதில் கேட்பது குறைவு, ஆனால் துல்லியம்: ஒரு வருடத்துக்குள் சுயேச்சைத் தணிக்கையாளர் செய்த பாகுபாட்டுத் தணிக்கை, அதன் சுருக்கத்தை இணையத்தில் போடுவது, விண்ணப்பதாரருக்கு 10 வேலைநாள் முன்னறிவிப்பு. படி 6-இல் போட்ட வகுத்தல் கணக்கு அங்கே சட்டபூர்வ அளவு. தென் கொரியாவின் ஏஐ அடிப்படைச் சட்டம் 2026 ஜனவரி 22 முதல் அமல். உயர் தாக்கம் என்று தனி வகை வைத்திருக்கிறது, ஐரோப்பியக் கோப்பில் பெரும்பகுதி அங்கும் கைகொடுக்கும். சீனா வேறு பாதை: உரை, படம் போன்றவற்றை உருவாக்கித் தரும் மக்களுக்கான ஏஐ சேவைகளுக்கு 2023 ஆகஸ்ட் 15 முதல் தனி விதிகள், ஏஐ உருவாக்கிய உள்ளடக்கத்துக்கு 2025 செப்டம்பர் 1 முதல் கட்டாய அடையாளம். அங்கே முதல் கேள்வி உள்ளடக்கம் பற்றியது, ஆளெடுப்பு பற்றியது இல்லை. இந்தியாவில் தனி ஏஐ சட்டம் கிடையாது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2025 நவம்பரில் வந்த அதன் விதிகளும்தான் உங்கள் உள்ளூர்ப் பக்கம். ஐரோப்பியக் கோப்பை முதலில் கட்டுவது புத்திசாலித்தனம், மற்றவற்றுக்கு அதிலிருந்து வெட்டி எடுக்கலாம். தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை கட்ட வேண்டிவரும்.

படி 9: விற்ற பிறகு

72-ஆம் பிரிவு விற்பனைக்குப் பிந்தைய கண்காணிப்புத் திட்டம் கேட்கிறது. மாதம் ஒருமுறை வாடிக்கையாளரின் லாக்கிலிருந்து அந்த விகிதக் கணக்கைப் போட்டு, எல்லையைத் தாண்டினால் யார் யாருக்குச் சொல்வது என்று எழுதினால் அதன் இதயம் ஆயிற்று.

கடும் சம்பவம் என்றால் உயிரிழப்பு, விபத்து என்று மட்டும் நினைக்காதீர்கள். அடிப்படை உரிமைகளைக் காக்கும் ஒன்றியச் சட்டக் கடமைகள் மீறப்படுவதும் அதில் சேரும். ஒரு பிழையால் 50 வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் ஒரு மாதம் பட்டியலுக்கு வெளியே போனால் அது கடும் சம்பவம் ஆகலாம். தெரியவந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் சம்பவம் நடந்த நாட்டின் சந்தைக் கண்காணிப்பு அதிகாரிக்கு அறிக்கை போக வேண்டும். ஞாயிறு, பொங்கல், தீபாவளிக்கெல்லாம் கடிகாரம் நிற்காது. முழு விசாரணை முடியவில்லை என்றால் முதல் அறிக்கையைக் குறையோடு அனுப்பிவிட்டுப் பின்னால் நிரப்பச் சட்டமே இடம் தருகிறது.

கடைசியாக ஒன்று, இதில்தான் நன்றாகக் கோப்புக் கட்டியவர்களும் மாட்டுகிறார்கள். நீங்கள் கூப்பிடும் மொழி மாடலை அதன் நிறுவனம் ஒருநாள் மேம்படுத்தும். ஏபிஐ முகவரி அதே, பதில்கள் வேறு. உங்கள் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை, ஆனால் நீங்கள் கையெழுத்திட்ட சோதனை அறிக்கை இப்போது வேறொரு அமைப்பைப் பற்றியது. மாற்றம் கணிசமானதாக இருந்தால் இணக்க மதிப்பீட்டை மறுபடி செய்ய வேண்டும். ஆகவே தானாக மாறும் பதிப்பைக் கூப்பிடாமல் எண்ணிட்ட பதிப்பையே கூப்பிடுங்கள். எந்தெந்த மாற்றம் முன்கூட்டியே எதிர்பார்த்தது என்பதைத் தொழில்நுட்ப ஆவணத்திலேயே எழுதி வையுங்கள். அப்படி எழுதி மதிப்பிட்டவை கணிசமான மாற்றமாகக் கருதப்படாது. பழைய பதிப்பு நிறுத்தப்படும் என்ற மின்னஞ்சல் வந்த அன்றே 200 பழைய விண்ணப்பங்களைப் புதிய பதிப்பில் ஓட்டி, துருக்கியப் பெயர் சோதனையையும் இடைவெளிச் சோதனையையும் மறுபடி போட்டு, தேதியும் கையெழுத்தும் இட்டுக் கோப்பில் சேருங்கள்.